கஞ்சிக்கட்டு

ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் பெரிய டாக்டர் ஞானமுத்துவுக்கு வயிறு எரியும். அது பெரிய கேள்வியும் இல்லை. காலையில் அவர் வார்டுக்குள் கால் வைத்ததும் ஏதாவது ஒரு கட்டிலிலிருந்து வரும்:

"சின்ன டாக்டரு வரலீங்களா?"

அப்படியானால் வந்து நிற்பவர் யார், விறகு போட வந்தவரா? குளிர்காய்ச்சல் இந்தப் பள்ளத்தாக்கை வளைத்துப் போட்ட வருஷத்தில் கொயினா மருந்தைப் பையில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர் ஞானமுத்து. சின்னமனூரில் வாந்திபேதி கண்ட தெருவுக்குள் சொந்தக்காரர்களே நுழையப் பயந்தபோது தைரியமாக நுழைந்தவரும் அவர்தான். அப்போதெல்லாம் அவர் போகும் வழியில் ஜனங்கள் கும்பிட்டு ஒதுங்கி நின்றார்கள். இப்போது அதே ஜனங்கள் கட்டிலில் படுத்துக்கொண்டு அவருடைய தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார்கள், வேறு யாராவது வருகிறார்களா என்று. நம் ஆட்களுக்கு நன்றி மறக்க அதிக நாள் பிடிப்பதில்லை.

மலைமேல் அணை வேலை தொடங்கியதிலிருந்து கூடலூர்ச் சாலையில் மாட்டு வண்டிகள் ஓய்ந்ததே இல்லை. சுண்ணாம்பு ஏறியது, இரும்பு ஏறியது, அரிசி ஏறியது, கூலி ஆட்கள் கூட்டம் கூட்டமாக ஏறினார்கள். காய்ச்சலோடும் காயத்தோடும் இறங்கியவர்களெல்லாம் மலையடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அது ஓடு வேய்ந்த நீளமான கட்டடம். ஒரு பக்கம் ஆண்கள் வார்டு, மறுபக்கம் பெண்கள் வார்டு, நடுவில் மருந்து அறை, பின்னால் டாக்டர் குடியிருக்கும் வீடு. கூட்டம் தாங்க முடியாமல் போனபோது மேலிடத்திலிருந்து இன்னொரு டாக்டரை அனுப்பினார்கள். அவர்தான் நல்லகண்ணு. ஜெயமங்கலத்தில் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. பட்டணத்தில் மருத்துவம் படித்தவர். ஒல்லி உடம்பு, ஓயாத வாய். பகலுக்குப் பெரியவர், இரவுக்குச் சின்னவர் என்று பிரித்துக்கொண்டார்கள்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. காலையில் முறை மாறும்போது இரண்டு பேரும் சேர்ந்து கட்டில் கட்டிலாகப் போவார்கள். இரவு பார்த்தவர் பகல் பார்க்கப்போகிறவரிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லுவார். மாலையில் பெரியவர் சின்னவரிடம் சொல்லுவார். ஞானமுத்து பாதி இங்கிலீஷில், தாழ்ந்த குரலில் சொல்லுவார். நோயாளிக்கு விளங்கினால் வீண் பயம் வரும் என்பது அவருடைய கணக்கு. நல்லகண்ணு அப்படி இல்லை. படுத்திருப்பவனின் காதுபடத் தமிழிலேயே சொல்லுவார். "இவுகளுக்கு நேத்து ராத்திரி காய்ச்ச எறங்கிருச்சுங்க. இன்னைக்குத் திரும்ப ஏறுனாலும் ஏறும், பயப்பட வேணாம்னு சொல்லியிருக்கேன்." படுத்திருப்பவன் ஆமாம் என்று தலையாட்டுவான். தன் உடம்பின் கதையைத் தானே கேட்பதில் அவனுக்கு அப்படி ஒரு திருப்தி.

ஒரு நாள் மாலை ஞானமுத்து ஒரு கிழவரின் கட்டிலருகே நின்று சொல்லிக்கொண்டிருந்தார். கிழவர் இருமிவிட்டு, "அய்யா, செத்த நேரம் அவுக சொல்லட்டும். அவுக சொன்னாத்தான் நமக்கு வெளங்குது," என்று நல்லகண்ணுவைக் காட்டினார். பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். ஞானமுத்துவின் முகம் சுண்டிப்போயிற்று.

வார்டுக்கு வெளியே வந்ததும் சொன்னார்: "நாளையிலேர்ந்து சேந்து சுத்துற வேல வேணாம் தம்பி. ஒரு கட்டிலுக்கு ரெண்டு டாக்டரு எதுக்கு? சொல்ல வேண்டியது ஏதும் இருந்தா கட்டிலடி ஆளுககிட்டச் சொல்லிட்டுப் போ. நான் கேட்டுக்கிறேன்."

கட்டிலடி ஆள் என்பது நோயாளியோடு துணைக்கு வந்த சொந்தக்காரர். ஒவ்வொரு கட்டிலுக்குக் கீழும் பாயும் தூக்குச் சட்டியுமாக ஒருவர் குடியிருப்பார். விசிறுவது, கஞ்சி கொடுப்பது, அழுவது எல்லாம் அவர் பொறுப்பு.

"அவுக மாத்திச் சொல்லிட்டாகன்னா அய்யா?" என்றார் நல்லகண்ணு.

"என்னத்த மாத்திச் சொல்லப்போறாக," என்று ஞானமுத்து நடந்துவிட்டார்.

நல்லகண்ணு அதற்கு மேல் வாதாடவில்லை. பெரியவரோடு மல்லுக்கட்டுவதை விட நோயாளியோடு பேசுவது அவருக்குச் சுலபம். அவரும் சுலபமான வழியைத்தான் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஞானமுத்துவின் காலைப்பொழுது இப்படித் தொடங்கும்: "சின்ன டாக்டரு சொன்னாக..." ஒவ்வொரு கட்டிலடியிலும் அதே ஆரம்பம். சின்ன டாக்டரு சன்னலச் சாத்தச் சொன்னாக. சின்ன டாக்டரு அரை டம்ளர் பால் கொடுக்கச் சொன்னாக. அந்த மூன்று வார்த்தைகள் காதில் விழுந்தால் போதும், பின்னால் வருவது எதுவாக இருந்தாலும் ஞானமுத்துவுக்குக் கசக்கும். சன்னலைத் திறக்கச் சொல்லுவார். பாலை நிறுத்தச் சொல்லுவார். நல்லகண்ணு மாலையில் வந்து பார்த்துவிட்டு, பெரியவருடைய அபிப்பிராயம் வேறு போல என்று தோளைக் குலுக்கிக்கொள்ளுவார்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் சின்னமனூர்க்காரர் சுருளியாண்டி. வயிற்றுக் கோளாறோடு படுத்திருந்தார். உயிரே போனாலும் மோர் குடிக்காமல் அவரால் இருக்க முடியாது. ஒரு நாள் காலையில் மனசு நொந்து, "சின்ன டாக்டரு மோரு கூடாதுன்னுட்டாக அய்யா," என்று உண்மையைத்தான் சொன்னார். ஞானமுத்து உடனே, "யாரு சொன்னது? மோரு தாராளமாக் குடிங்க," என்றார். சுருளியாண்டி பெரிய செம்பு நிறையக் குடித்தார். அதிர்ஷ்டம், ஒன்றும் ஆகவில்லை. வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? கதிர் அறுப்புக்கு வீட்டுக்குப் போக வேண்டியவன், "சின்ன டாக்டரு இன்னும் படுத்துக் கெடக்கச் சொன்னாக," என்றான். ஞானமுத்து அன்றைக்கே அனுப்பி வைத்தார். கசப்புக் கஷாயம் பிடிக்காதவள், "சின்ன டாக்டரு இதத்தான் விடாமக் குடிக்கச் சொன்னாக," என்றாள். கஷாயம் நின்றது. சின்ன டாக்டர் சொல்லாததையெல்லாம் சொன்னதாகச் சொன்னார்கள். வார்டைப் பெருக்கித் துடைத்து நோயாளிகளைக் கவனிக்கும் ஆரோக்கியம்மாளுக்கு எல்லாம் தெரியும். அவளும் பெரிய டாக்டரும் ராயப்பன்பட்டி மாதா கோயிலில் ஒரே பங்கைச் சேர்ந்தவர்கள். இருந்தும் வாயைத் திறக்கவில்லை. எப்படியோ வார்டு சத்தமில்லாமல் ஓடினால் சரி என்றிருந்தாள். ஞானமுத்துவோ தினமும் சின்னவரை ஜெயித்துக்கொண்டிருப்பதாக நினைத்தார். மீசையைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. அவருக்கே ஒரு நாள் வயிற்றுக் கடுப்பு வந்தபோது மனைவி மதலேனாள் சொன்னாள்: "உங்களுக்கு நீங்களே வைத்தியம் பாத்துக்கிட்டா எப்புடி? நல்லகண்ணுத் தம்பிய ஒரு எட்டு வந்து பாக்கச் சொல்லட்டுமா?" ஞானமுத்து குடித்துக்கொண்டிருந்த கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

கஞ்சி என்றதும் அந்தக் கட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எலும்பு முறிந்தால் ஞானமுத்து மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவார். நல்லகண்ணு பட்டணத்தில் வேறு ஒன்று படித்திருந்தார். துணிப் பட்டையைக் கெட்டியான அரிசிக் கஞ்சியில் முக்கி, காலைச் சுற்றிச் சுற்றிக் கட்டுவார். காய்ந்ததும் அது பலகையாக இறுகி நிற்கும். ஜனங்கள் அதற்குக் கஞ்சிக்கட்டு என்று பேர் வைத்து, கம்பம் சந்தை வரைக்கும் பேசிக்கொண்டார்கள். "கஞ்சி குடிக்கிறதுக்கா, காலுக்கா?" என்று ஞானமுத்து ஒரு முறை கேலி செய்து பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. மாதம் ஒரு முறை மதுரையிலிருந்து குதிரையில் வரும் சர்ஜன் துரை அந்தக் கட்டைத் தட்டிப் பார்த்து, நல்லகண்ணுவின் தோளையும் தட்டிவிட்டுப் போனார். ஞானமுத்துவின் தோளை அந்தத் துரை தட்டியதே கிடையாது. அன்றிலிருந்து கஞ்சிக்கட்டுப் போட்ட கட்டிலைக் கண்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

இந்த நிலைமையில்தான் ஒச்சாண்டி வந்து சேர்ந்தான். கடமலைக்குண்டுக்காரன். சொந்த வண்டி, சொந்த மாடு. அணைக்குச் சுண்ணாம்பு ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போனபோது ஒரு திருப்பத்தில் வண்டி குடை சாய்ந்தது. மூட்டைகள் அவன் கால்மேல், முழங்காலுக்குக் கீழே விழுந்தன. டோலியில் தூக்கிக்கொண்டு வந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. தோல் கிழியவில்லை. எலும்பு மட்டும் முறிந்திருந்தது. நல்லகண்ணு இழுத்துச் சேர்த்துக் கஞ்சிக்கட்டுப் போட்டார். ஒச்சாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"சாமி, காலு நிக்குமா? காலு இல்லாதவன் மலையில மாடு பத்த முடியாது."

"நிக்கும்யா," என்றார் நல்லகண்ணு.

மறுநாள் பொழுது விடியும்போதே மலைமேலிருந்து ஆள் வந்தான். பாறைக்கு வைத்த வெடி ஆட்கள் மேல் வெடித்துவிட்டது, டாக்டர் உடனே வர வேண்டும். நல்லகண்ணு புறப்படுவதற்கு முன் ஒச்சாண்டியின் காலைத் தொட்டுப் பார்த்தார். வீக்கம் ஏறிக்கொண்டிருந்தது. கட்டோ காய்ந்து இறுகிக்கொண்டிருந்தது. பெரியவரிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று பின்வீட்டுக்குப் போனார்.

"செபத்துல இருக்காக தம்பி," என்றாள் மதலேனாள்.

ஞானமுத்து உள்ளே மண்டியிட்டுத்தான் இருந்தார். நல்லகண்ணுவின் குரல் காதில் விழுந்ததும் செபத்தை நீட்டிக்கொண்டார். டோலிக்காரர்கள் வாசலில் அவசரப்படுத்தினார்கள். நல்லகண்ணு வார்டுக்கு ஓடிவந்து, கட்டிலடியில் உட்கார்ந்திருந்த ஒச்சாண்டியின் பெண்சாதி ராஜாத்தியிடம் சொன்னார்.

"இந்தா பாருத்தா. இவரு கால் வெரலத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இரு. குளுந்துபோனாலோ, நெறம் மாறுனாலோ, மதமதன்னு இருக்குன்னு சொன்னாலோ, பெரிய டாக்டருகிட்டச் சொல்லி ஒடனே கட்ட வெட்டச் சொல்லணும். விட்டுட்டா காலு அழுகிப்போகும். வெளங்குச்சா?"

"வெளங்குச்சு சாமி," என்றாள். விளங்கத்தான் செய்தது.

ஞானமுத்து வார்டுக்கு வந்தபோது ராஜாத்தி புருஷனின் விரல்களைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து கும்பிட்டாள்.

"அய்யா, வெரலு சில்லுன்னு இருக்கு. சின்ன டாக்டரு சொன்னாக, இப்புடி இருந்தா ஒடனே கட்ட வெட்டிரணுமாம்."

முதல் வார்த்தையோடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை குனிந்து பார்த்திருப்பார். சின்ன டாக்டரு சொன்னாக என்றதும் குனியப்போன இடுப்பு நிமிர்ந்தது. வந்த மறுநாளே இவளும் பாடம் படித்துவிட்டாளா? என் ஆஸ்பத்திரியில் எனக்கு உத்தரவா?

"கட்டுனவரே வந்து அவுக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

போகும்போது ஒரு யோசனை வந்தது. அந்தக் கால் கெட்டுப்போனால் பழி யாருக்கு? கட்டுப் போட்டவனுக்கு. சர்ஜன் துரை தட்டிக் கொடுத்த அந்தத் தோள் அப்போது எப்படித் தொங்கும்? கம்பம் சந்தையில் அப்போது என்ன பேசிக்கொள்ளுவார்கள்? அந்த யோசனை அவருக்கு இனித்தது. இனித்தது என்று அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் அன்று காலை மருந்து அறையில் அவர் சீட்டியடித்துக்கொண்டு தராசில் மருந்து நிறுத்ததை ஆரோக்கியம்மாள் பார்த்தாள்.

வெயில் ஏற ஏற ஒச்சாண்டியின் முனகல் குறைந்தது. வலி போய்விட்டது என்றான். ராஜாத்தி அவன் பெருவிரலைக் கிள்ளினாள். அவனுக்குத் தெரியவில்லை. நகத்தடியில் நீலம் பாய்ந்திருந்தது. அவள் மருந்து அறைக்கு ஓடினாள்.

"அய்யா, கிள்ளுனாக்கூடத் தெரியலங்குறாரு. நீலம் பூத்துருச்சு. ஒரு எட்டு வந்து பாருங்க சாமி. சின்ன டாக்டரு சொல்லிட்டுப் போயிருக்காக..."

"ஒனக்கு ஒரு தடவ சொன்னா ஏறாதா?" என்றார் ஞானமுத்து, தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவரு கட்டு, அவரு வந்து பாப்பாரு. மலையேறிப் போனவரு எறங்கி வரமாட்டாரா?"

ராஜாத்தி திரும்பி வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆரோக்கியம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"ஏ ராஜாத்தி, அழுது ஒண்ணும் நடக்காது. இங்கன நேராக் கேட்டா கெடைக்காது, தெரிஞ்சுக்க. சின்ன டாக்டரு வேணாம்னாகன்னு சொல்லு, ஒடனே நடக்கும்."

"என்னக்கா சொல்றீக?"

"அந்தாக் கெடக்காகளே சுருளியாண்டி அண்ணன், அவுககிட்டக் கேளு, எப்புடி மோரு குடிக்காகன்னு."

சுருளியாண்டி சாட்சி சொல்லுவதுபோலத் தலையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

"ஆனா நீதான் ரெண்டு தடவ வெட்டச் சொன்னாகன்னு சொல்லிட்டியே," என்றார். "இப்ப எப்புடி மாத்துவ?"

ராஜாத்தி மூக்கைச் சிந்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். புருஷனின் விரல்களை ஒரு முறை பார்த்தாள். பிறகு வாசலுக்கு வெளியே போனாள். மலையிலிருந்து வெறும் வண்டி ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. அது ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போகும்வரை நின்றுவிட்டு மருந்து அறைக்குப் போனாள். அழவில்லை. கும்பிடவும் இல்லை.

"அய்யா, நீங்க சொன்னதுதான் சரி. மலையிலருந்து வந்த வண்டிக்காரருகிட்டச் சின்ன டாக்டரு சொல்லி விட்டுருக்காக. கட்ட யாரும் தொடக்கூடாதாம். பெரியவருக்கு இந்தக் கட்டுப் பழக்கம் இல்ல, கை வச்சாக் கெடுத்துப்புடுவாரு, நான் வர்ற வரைக்கும் கிட்ட விடாதன்னு சொன்னாகளாம்."

தராசுத் தட்டு மேஜையில் விழுந்தது.

"எனக்குப் பழக்கம் இல்லையா?"

"அப்புடித்தான் சொன்னாகளாம்."

ஞானமுத்து வார்டுக்குள் வந்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது. "ஆரோக்கியம்மா, வெந்நீரு. பெரிய கத்திரி. அவன் பொறக்குறதுக்கு முன்னாடியே கால் அறுத்தவன் நான். எனக்குப் பழக்கம் இல்லையாம்." கட்டின் மேல் வெந்நீரை ஊற்றி ஊறவைத்து, கத்திரியின் நுனியைக் கணுக்காலில் நுழைத்து மேலே மேலே வெட்டிக்கொண்டு போனார். கட்டு இரண்டாகப் பிளந்து விழுந்தது. உள்ளே இருந்த காலைப் பார்த்ததும் அவர் பேச்சு நின்றது.

துணியின் தடம் சதையில் ஆழமாகப் பதிந்திருந்தது. அங்கங்கே கொப்புளம். விரல்கள் நாவற்பழ நிறத்தில் இருந்தன. ஞானமுத்து கத்திரியைக் கீழே வைத்தார். காலைச் சற்றே உயர்த்தித் தலையணையில் வைத்து, பாதத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பெருவிரல் நகத்தை அழுத்தினார். வெளுக்கவும் இல்லை, சிவக்கவும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து வந்திருந்தால் மூங்கில் சிம்பும் உதவாது, கஞ்சியும் உதவாது, ரம்பம்தான். காலையில் சீட்டியடித்தது நினைவுக்கு வந்தது. இந்தக் கால்தான் கெட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். நல்லகண்ணுவின் கால் இல்லை, இந்த வண்டிக்காரனின் கால்.

அழுத்திப் பார்ப்பதும் பிடித்துக்கொண்டிருப்பதுமாகவே இருந்தார். கடைசியில் நகத்தடியில் லேசாக ஒரு சிவப்பு வந்து நின்றது. ஒச்சாண்டி திடீரென்று அலறினான்.

"அய்யோ, வலி உசுரு போகுதே."

"வலிக்குதா? நல்லா வலிக்கட்டும்," என்றார் ஞானமுத்து. ராஜாத்தி கட்டிலின் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

மூங்கில் சிம்பு வைத்துப் பஞ்சு திணித்துத் தளர்வாகக் கட்டினார். அன்று பகல் முழுக்க அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த மதலேனாளைக் கையசைத்துத் திருப்பி அனுப்பினார்.

மறுநாள் மத்தியானம் நல்லகண்ணு மலையிலிருந்து இறங்கினார். சட்டையெல்லாம் காய்ந்த ரத்தம். வீட்டுக்குப் போகாமல் நேராக ஒச்சாண்டியின் கட்டிலுக்கு வந்தார். காலைப் பார்த்தார், விரலை அழுத்தினார், கொப்புளங்களைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"அய்யா," என்று ஞானமுத்துவைப் பார்த்துச் சொன்னார், "நீங்க வெட்டலேன்னா இந்தக் காலு போயிருக்கும். கஞ்சிக்கட்டுப் போட்டது என் தப்பு. வீக்கம் வடிஞ்ச பெறகு போட்டிருக்கணும். கும்பிட்டுக்கிறேன்."

ஞானமுத்துவுக்கு எத்தனையோ நாளாகக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தைகள் அவை. வார்டு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் உள்ளே அரித்துக்கொண்டிருந்ததை விட முடியவில்லை.

"அப்பறம் எதுக்குத் தம்பி நான் கட்டத் தொடக்கூடாதுன்னு சொல்லி விட்ட? எனக்குப் பழக்கம் இல்லையா? நான் கெடுத்துப்புடுவனா?"

"நானா? யாருகிட்ட?"

"வண்டிக்காரன்கிட்ட."

"நான் ஒரு வண்டிக்காரனையும் பாக்கலையே. வெட்டச் சொல்லி இவுககிட்டத்தானே சொல்லிட்டுப் போனேன்."

இரண்டு டாக்டர்களும் ராஜாத்தியைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள். பயந்த மாதிரித் தெரியவில்லை.

"பொய்தான் அய்யா. வண்டியும் இல்ல, ஆளும் இல்ல. அவுக சொன்னத நேராச் சொன்னேன், நீங்க கேக்கல. அழுதேன், கேக்கல. அவுக வேணாம்னாகன்னு சொன்னேன், ஓடியாந்தீக. இங்கன எல்லாரும் இப்புடித்தான் கேட்டு வாங்குறாக. எனக்குக் காலு வேணும்."

"எல்லாருமா?" என்றார் ஞானமுத்து.

அவர் வார்டைச் சுற்றிப் பார்த்தார். ஒருவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். கட்டிலடியில் ஒருத்திக்கு அவசரமாக இருமல் வந்தது. சுருளியாண்டி மோர்ச் செம்பைத் தலையணைக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். ஆரோக்கியம்மாள் பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள். ஞானமுத்துவுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. மோர், சன்னல், கஷாயம், அறுப்புக்குப் போனவன். தான் ஜெயித்ததாக நினைத்த ஒவ்வொரு காலைப்பொழுதிலும் இவர்கள் தன்னைக் கயிறு கட்டி இழுத்திருக்கிறார்கள். அவமானத்தில் காது சுட்டது. சத்தம் போட வாயைத் திறந்தார். ஒச்சாண்டியின் கால் கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டு வெளியே போனார்.

அன்று மாலை அவர் வார்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஆளுக்கு ஒன்று பேசிக்கொண்டார்கள். பெரியவர் மதுரைக்கு மாற்றல் கேட்டு எழுதப்போகிறார் என்றாள் ஒருத்தி. சின்னவரைக் கிளப்பப் போகிறார் என்றார் சுருளியாண்டி.

மறுநாள் காலை, நல்லகண்ணு இரவு வேலை முடிந்து கைகழுவிக்கொண்டிருந்தபோது, ஞானமுத்து முன்வாசல் வழியாக வந்தார். நேராக முதல் கட்டிலருகே போய் நின்றார். சுருளியாண்டியின் கட்டில்.

"சொல்லு தம்பி," என்றார்.

நல்லகண்ணு ஈரக் கையோடு வந்தார். ஒரு நிமிஷம் பெரியவரின் முகத்தைப் பார்த்தார். பிறகு பழைய மாதிரியே காதுபடச் சொன்னார். "இவுகளுக்கு வயிறு பரவாயில்லைங்க. ஆனா ரகசியமா மோரு குடிச்சிருக்காக. இனி ஒரு வாரத்துக்குக் கூடாது."

"கூடாது," என்றார் ஞானமுத்து.

சுருளியாண்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு டாக்டர்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது யாரிடம் யாரைச் சொல்லுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டார்.

கட்டில் கட்டிலாக வந்தார்கள். ஒச்சாண்டியின் கட்டில் வந்ததும் நல்லகண்ணு ஒதுங்கி நின்றார். "இதை நீங்க சொல்லுங்க அய்யா. நீங்க காப்பாத்துன காலு."

ஞானமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார். பாதி இங்கிலீஷ் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு ஒச்சாண்டியைப் பார்த்தே பேசினார். "கொப்புளம் ஆற நாளாகும்யா. சுண்டுவெரலு ஒண்ணு போனாலும் போகும். காலு நிக்கும். எலும்பு சேர ரெண்டு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் தரையில ஊனக் கூடாது. வலிச்சா, குளுந்தா, யாரு இருந்தாலும் கூப்புடு. நான் இருந்தா நான் வருவேன்."

நன்றாகத்தான் சொன்னார். நிறுத்தி, நிதானமாக, அவனுக்கு விளங்கும்படி சொன்னார். இத்தனை வருஷத்தில் ஒரு நோயாளியிடம் அவர் இவ்வளவு பேசியதே இல்லை. ஒச்சாண்டியின் கண் கலங்கியது. ராஜாத்தி ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு நல்லகண்ணுவின் பக்கம் திரும்பினாள்.

"அவுக சொல்றது சரிதாங்களா?"

நல்லகண்ணு தலையைக் குனிந்துகொண்டு, "சரிதான் ஆத்தா," என்றார். அதற்குப் பிறகுதான் அவள் புருஷனைப் பார்த்துச் சிரித்தாள்.

ஞானமுத்துவுக்கு வயிறு எரிந்தது. பழைய எரிச்சல்தான், கொஞ்சமும் குறையவில்லை.

"அடுத்த கட்டில்," என்றார். இரண்டு பேரும் சேர்ந்தே நடந்தார்கள்.